மேஸ்திரியின் சாம்பல்

மார்ச் 6

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நான் நலம். நீ நலமா?

இது நானே எழுதும் கடிதம். யாரும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தரவில்லை. முதியோர் எழுத்து வகுப்பு டீச்சர் லீவில் போயிருக்கிறார். இதுவரை எழுதியதற்கே டீ ஆறிவிட்டது, பரவாயில்லை. எழுதியதைத் திரும்பப் படித்தால் நான் பேசுவது போலவே இருக்கிறது. இது எப்படி நடக்கிறது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. பஸ் டிப்போவில் ஆயுள் முழுக்க டயர் கழற்றி மாட்டிய கைக்கு இதுவும் வரும் என்று யார் கண்டது? போனில் சொல்லலாமே என்பாய். போனில் பேசியதை எடுத்து மறுபடி பார்க்க முடியாதே.

முதல் கடிதத்தில் நல்ல சேதி எழுத வேண்டும் என்று இருந்தேன். முடியவில்லை. மேஸ்திரி போய்விட்டான். வயதாகிவிட்டது, கட்டிலுக்கு அடியில் படுத்தபடியே போய்விட்டான். கீழ்வீட்டுத் தையல்காரரிடம், மேஸ்திரி போயிட்டாங்க என்றேன். எந்த சைட்டுல விழுந்தார் என்று பதறிப்போய்க் கேட்டார். ஒரு வேலையும் செய்யாமல் அடுத்தவர் செய்வதையே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த நாய்க்கு நீ வைத்த பேர் அவருக்குத் தெரியாது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

கால்நடை மருத்துவர் ஒரு கம்பெனியின் நம்பரைக் கொடுத்தார். வெள்ளை வேன் வந்தது. மற்ற பிராணிகளோடு சேர்த்து எரிப்பது ஒரு வகை, தனியாக எரித்துச் சாம்பலைத் தருவது ஒரு வகை என்றார்கள். நான் தனி என்றேன். சாம்பல் ஜாடியில் வந்தது. அங்கேதான் வம்பு.

மேஸ்திரியை நான் ஒரு கையில் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவேன். வந்த சாம்பல் அவனுடைய சோற்றுக் கிண்ணம் நிரம்பி வழியும் அளவு இருக்கிறது. ஸ்கூட்டர் இடித்தபோது அவன் பின்னங்காலில் பிளேட்டும் திருகாணியும் வைத்தார்களே, அதுவும் இல்லை. சல்லடையில் போட்டுச் சலித்தே பார்த்துவிட்டேன். இது வேறு யாரோ பாப்பா. நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த பெரிய நாய்.

அதனால் உங்கள் நுகர்வோர் பாதுகாப்புத் துறைக்கே ஒரு புகார் எழுதிப் போட்டுவிட்டேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய முதல் மனு. நீ அங்கே வேலை பார்ப்பதை அதில் எழுதவில்லை, சலுகை கேட்கிறான் என்று நினைப்பார்கள். என் மேஸ்திரி எங்கே என்று மட்டும் கேட்டிருக்கிறேன்.

உன் அன்பு அப்பா

*

மார்ச் 15

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தின் முதல் பக்கத்தை மட்டும் அலுவலகத்தில் எல்லோரிடமும் காட்டினேன். எங்கள் பிரிவில் பாதிப் பேரின் எழுத்தைவிட உங்கள் எழுத்து தெளிவாக இருக்கிறது என்று தட்டச்சு செய்பவர் சொன்னார். பிறகு மேஸ்திரியை நினைத்துக் கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். நான் கடைசியாக ஊருக்கு வந்தபோது என் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றான், நினைவிருக்கிறதா?

அப்பா, உங்கள் புகாரும் வந்து சேர்ந்தது. அது என் மேசைக்கே வந்தது. அதில்தான் எனக்குச் சிக்கல்.

செல்லப்பிராணிகளை எரிக்கும் நிறுவனங்களுக்கு இன்றுவரை விதி என்று ஒன்றுமே கிடையாது. ஒரு ஜாடியில் எதைப் போட்டுக் கொடுத்தாலும் கேட்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. அந்த விதிகளைத்தான் நான் இரண்டு வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். உடலோடு ஓர் அடையாள வில்லை உலை வரைக்கும் போக வேண்டும், உரியவர் விரும்பினால் கூடவே நிற்கலாம், உடலில் இருந்த உலோகத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. அந்த நிறுவனத்தின்மீது என் அப்பாவே புகார் கொடுத்திருப்பது தெரிந்தால், சொந்த விவகாரத்துக்காக விதி எழுதுகிறாள் என்று நிறுவனங்களின் சங்கம் கிளம்பிவிடும். கோப்பு என் கையை விட்டுப் போகும். அடுத்து அதை வாங்கப் போகிறவர் சங்கத்துக்காரர்களோடு மதியச் சாப்பாடு சாப்பிடுகிறவர்.

அதனால் கேட்கிறேன். புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக ஒரு வரி எழுதி அனுப்புவீர்களா? விதி வந்தால் இனி யாருக்கும் இப்படி நடக்காது. அந்தச் சாம்பலை ஏதாவது செடியடியில் இட்டுவிடுங்கள். அவன்தான் என்று நினைத்துக்கொள்ளுங்கள் அப்பா. எனக்கு வேறு வழி தெரியவில்லை.

உங்கள் மகள்

*

மார்ச் 24

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதத்தை எழுத்துக் கூட்டாமல் நேராகவே படித்தேன். கோப்பு என்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் நின்றேன்.

நீ கேட்டபடி எழுதி அனுப்பிவிட்டேன். ஒரு வரிதான். வகுப்பில் நண்பர்கள் கிண்டல் செய்தார்கள். எழுதக் கற்றுக்கொண்டதே எழுதினதைத் திருப்பி வாங்கத்தானா என்றார் முன்னாள் லாரி கிளீனர். என் மகள் நாய்க்கும் பூனைக்கும் சட்டம் எழுதுகிறாள், உன் மகள் என்ன எழுதுகிறாள் என்று கேட்டேன். குனிந்து தன் நோட்டில் எழுத ஆரம்பித்தார்.

அனுப்புவதற்கு முன்னால் ஒருமுறை அந்தக் கம்பெனிக்குப் போனேன். உனக்குக் கெடுதல் வரும்படி எதுவும் பேசவில்லை. மேனேஜர் சின்ன வயதுக்காரர், மரியாதையாகத்தான் உட்கார வைத்தார்.

"ஐயா, கம்மியா இருக்குன்னு வர்றவங்க உண்டு. ஜாஸ்தியா இருக்குன்னு வந்த மொத ஆளு நீங்கதான்."

"ஜாஸ்தின்னு வரல தம்பி. அவன் இதுல இல்லைன்னு வந்திருக்கேன்."

பிளேட்டைப் பற்றிக் கேட்டதும் உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வந்து மேசைமேல் கவிழ்த்தார். பிளேட், திருகாணி, ஊசி, கழுத்துப் பட்டையின் வளையம், ஒரு மணி. அத்தனையும் எத்தனை பேருடையதோ. "உங்களுது எதுன்னு பாத்து எடுத்துக்கங்கய்யா" என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார், அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. என் கையைக் கொஞ்ச நேரம் அதன்மேல் வைத்திருந்தேன். பிறகு எழுந்து வந்துவிட்டேன்.

சாம்பலைப் பின்கட்டில் குழாயடி எலுமிச்சை மரத்தைச் சுற்றிப் போட்டேன். நீ சொன்னாய், போட்டேன். காலையில் பல் தேய்க்கப் போகும்போது, என்னடா மேஸ்திரி, வேலை நடக்குதா என்று கேட்டுவிட்டு வருகிறேன். பதில் சொல்லாமல் இருப்பது அவன் வழக்கம்தான்.

விதியை நல்லபடியாக முடி. வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அன்பு அப்பா

*

அக்டோபர் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

விதிகள் அரசிதழில் வந்துவிட்டன. பிரதி ஒன்றை இதோடு அனுப்புகிறேன். அடையாள வில்லை, கூட நிற்கும் உரிமை, உலோகத்தைத் திருப்பித் தருவது, எல்லாம் இருக்கின்றன. சங்கம் எவ்வளவோ முட்டிப் பார்த்தது, ஒரு வாக்கியத்தைக்கூட மாற்ற முடியவில்லை. இதை நினைத்து நீங்கள் சந்தோஷப்படுவீர்கள் என்று தெரியும். அதனால்தான் இதை முதலில் எழுதினேன்.

மற்றதை எழுதாமல் இருந்துவிடலாம் என்று பார்த்தேன். தூக்கம் வரவில்லை.

உங்கள் புகாரைத் திரும்பப் பெற்ற சில வாரங்களில் இன்னொரு புகார் வந்தது. உங்கள் ஊரிலிருந்துதான், ஒரு அம்மா. அதே நிறுவனம், எரித்ததும் அதே நாள். அவருடையது பெரிய நாய். கைப்பிடி அளவு சாம்பல் கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் ஒரு பிளேட்டும் திருகாணிகளும் இருந்தன, என் நாய்க்கு எந்த அறுவைச் சிகிச்சையும் நடந்ததில்லை என்று எழுதியிருந்தார். இதுபோல வேறு யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று கேட்டிருந்தார்.

இந்த நிறுவனத்தின்மீது வேறு புகார் எதுவும் நிலுவையில் இல்லை என்று பதில் போனது. கையெழுத்துப் போட்டது நான். அது பொய் இல்லை அப்பா, நிலுவையில் இல்லைதான். அந்தப் புகாரைப் படித்தபோது எனக்கு மேஸ்திரி நினைவுக்கு வரவில்லையா என்று கேட்டால், வந்தான். முதல் வரியிலேயே வந்தான். விதிகள் கையெழுத்தாக இன்னும் சில மாதங்கள்தான் இருந்தன.

என் பதிலை நம்பி அவர் அந்தச் சாம்பலைக் கடலில் கரைத்துவிட்டார். இப்போது விதி வந்ததைப் பத்திரிகையில் பார்த்துவிட்டு, இனியாவது விசாரிப்பீர்களா என்று எழுதியிருக்கிறார். முடியாது. முன்னால் நடந்தவற்றுக்கு இந்த விதிகள் செல்லாது. நானே எழுதிய வாசகம் அது. அவர் பெயரையோ முகவரியையோ உங்களுக்குச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. உங்களைப் பற்றி அவருக்குச் சொல்லவும் உரிமை இல்லை. இரண்டு பேரையும் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

என்ன செய்வதென்று தெரியவில்லை அப்பா.

உங்கள் மகள்

*

அக்டோபர் 30

அன்புள்ள பாப்பாவுக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. எழுத்து வராமல் இல்லை, வரிதான் வரவில்லை.

உன் விதிகளை வகுப்பில் நானே உரக்கப் படித்தேன். எல்லோரும் கை தட்டினார்கள், டீச்சரும் தட்டினார். நல்ல விதிகள். இவை அப்போதே இருந்திருந்தால் நான் உலை வாசலில் நின்றிருப்பேன்.

மேஸ்திரி கடலில் இருக்கிறான் என்று எழுதிப் பார்த்தேன். அடித்துவிட்டேன். அவனுக்கு வாளித் தண்ணீரைக் கண்டாலே பயம்.

குழாயடிக்குப் போகும்போது இப்போது என்ன சொல்வது என்று தெரியவில்லை. மரத்தடியில் இருப்பது ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. மண்ணிலிருந்து திரும்ப அள்ள முடியுமா என்று கரண்டியோடு போய் உட்கார்ந்தேன். மழை பெய்து எல்லாம் ஒன்றாகிவிட்டது. மளிகைக் கடையிலும் பஸ்ஸிலும் பெண்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அன்றைக்கு ஒரு அம்மா என்னங்க வேணும் என்று முறைத்துக் கேட்டார். அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிட்டேன்.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறதா என்று யோசித்தேன். சோறு இறங்குகிறது, ஆகவே இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்த அம்மாவுக்குத் தெரிய வேண்டும். அவருடைய நாய் வீசி எறியப்படவில்லை, ஒரு மரத்தடியில் இருக்கிறது, தினமும் ஒருவன் பேசிவிட்டுப் போகிறான் என்று தெரிய வேண்டும்.

அதனால் என் புகாரை மறுபடி எழுதிப் போட்டுவிட்டேன். என் பெயரையும் வீட்டு விலாசத்தையும், இதேபோல் யார் புகார் கொடுத்திருந்தாலும் அவருக்குத் தெரிவிக்கலாம் என்று அதிலேயே எழுதியிருக்கிறேன். நானே அனுமதி கொடுத்தால் உங்கள் சட்டம் தடுக்காது என்று டீச்சர் சொன்னார். இதனால் உன் நாற்காலிக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் போட்டேன்.

இதையும் வாபஸ் வாங்கச் சொல்லாதே பாப்பா. நீ சொன்னால் வாங்கிவிடுவேன். அதனால்தான் சொல்லாதே என்கிறேன்.

உன் அன்பு அப்பா

*

டிசம்பர் 12

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. போனையும் நீ எடுப்பதில்லை. உங்கள் துறையிலிருந்து பதில் வந்தது. விதிகளுக்கு முந்தைய நிகழ்வு என்பதால் நடவடிக்கைக்கு இடமில்லை, என் விலாசம் சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிக்கப்பட்டது என்று இருந்தது. கீழே வேறு யாருடைய கையெழுத்தோ. நீ அந்த இடத்தில் இல்லை என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். உன்னை எங்கே போட்டிருக்கிறார்கள்? வீட்டு விலாசத்துக்கு எழுதுகிறேன், அது மாறியிருக்காது.

அந்த அம்மா ஞாயிற்றுக்கிழமை வந்தார். பள்ளியில் சமையல் வேலை செய்து ஓய்வு பெற்றவர், என்னைவிடக் கொஞ்சம் சின்னவராக இருப்பார். குழாயடிக்குக் கூட்டிப் போனேன்.

"எந்தப் பக்கமாப் போட்டீங்க?"

"சுத்தியும்தாம்மா."

செருப்பைக் கழற்றிவிட்டு, எங்கே கால் வைப்பது என்று தெரியாமல் நின்றார். எனக்கும் தெரியவில்லை. ஒரு நாற்காலி எடுத்து வந்து போட்டேன். வெகு நேரம் உட்கார்ந்திருந்தார்.

"கடல்ல விடும்போது உங்க புள்ளைய வேற பேரு சொல்லிக் கூப்பிட்டுட்டேங்க" என்றார். "மகாராணி, போயிட்டு வாடின்னு சொன்னேன். மன்னிச்சுக்குங்க."

நான் இத்தனை மாதமாக அவளை என்னடா மேஸ்திரி என்று கேட்டுக்கொண்டிருந்ததைச் சொன்னேன். அவர் சிரித்தார், சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகிவிட்டது. அவன் பேர் மேஸ்திரியா என்று கேட்டுத் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். கல்மேடை பக்கம்தான் விட்டேன், அலை அதிகம் இல்லை என்றார். தண்ணீர் அவனுக்குப் பயம் என்று நான் சொல்லவில்லை.

போகும்போது பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். வேறு புகார் எதுவும் நிலுவையில் இல்லை என்ற கடிதம்தான். மடித்து மடித்து நடுவில் கிழிந்திருந்தது.

"இதை நம்பித்தான் கரைச்சேன். நீங்க சொல்றதப் பாத்தா அப்பவே உங்க புகார் வந்து போயிருக்கே, இவங்களுக்குத் தெரியாம இருக்குமா? அடியில பதவி மட்டும்தான் இருக்கு. இந்தக் கையெழுத்து என்ன பேருன்னு புரியுதா பாருங்க. ஒரு தடவை நேர்ல பாத்துக் கேட்டுட்டு வந்துடுவேன். சண்டைக்கு இல்ல."

வாங்கிப் பார்த்தேன். உன் கடிதங்களின் அடியில் இருக்கும் அதே கையெழுத்து. அதை வைத்துத்தான் நான் வகுப்பில் உன் பெயரை எழுதப் பழகினேன்.

"எனக்குப் படிக்கத் தெரியாதும்மா" என்றேன்.

"அப்ப அந்தப் புகாரு?"

"வேற ஒருத்தர் எழுதிக் குடுத்தாங்க."

என் சட்டைப்பையில் பேனா இருந்தது. அவர் அதைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. கடிதத்தை மறுபடி மடித்து வைத்துக்கொண்டார். அடுத்த ஞாயிறும் வரலாமா என்று கேட்டார். வாங்கம்மா என்றேன்.

அவரிடம் நான் சொல்ல மாட்டேன் பாப்பா. எத்தனை ஞாயிறு கேட்டாலும் எனக்குப் படிக்கத் தெரியாது. நாற்காலி இன்னும் மரத்தடியில்தான் இருக்கிறது. இன்னொன்றும் எடுத்துப் போட இடம் இருக்கிறது.

உன் அன்பு அப்பா