கேஜுக்கு டிக்கெட்

அன்பு மகன் கௌதமுக்கு,

அப்பா தம்மபாலன் எழுதுகிறேன். நீ சுகமாகத்தான் இருப்பாய், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இங்கே நான் சுகம், உன் அம்மா சுகமாக இல்லை. போன் இருக்கும்போது இவர் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் நான் இரண்டாவது கேள்வி கேட்பதற்குள் உனக்கு சிக்னல் போய்விடும், நம் லைன் வீட்டில் ஓர் அறையில் பேசினால் மறு அறையில் கேட்கும், அம்மா காதில் விழாமல் பேச வழியில்லை. அதனால் ஒயிட்ஃபீல்டில் செக்யூரிட்டி கேபினில் உட்கார்ந்து, வருகிற கார் நம்பரை எழுதுகிற பேனாவால் இதை எழுதுகிறேன். ஸ்பீட் போஸ்டில் போடுகிறேன், இருபத்திரண்டாம் தேதிக்கு முன்பே உன் தன்பாத் ஹாஸ்டலுக்கு வந்துவிடும்.

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை நானும் அம்மாவும் சேர்ந்துதான் கேட்டோம். இருபத்திரண்டாம் தேதி காலேஜிலிருந்து நிலக்கரி மைனுக்குக் கூட்டிப் போகிறார்கள், ஆயிரம் அடி கீழே இறங்கப் போகிறோம், கேஜ் டிக்கெட் மூவாயிரம், லாம்ப் வாடகை இரண்டாயிரம், ஹெல்மெட் டெபாசிட், பூட்ஸ், எல்லாம் சேர்த்துப் பதினாலாயிரம் என்றாய். கேஜுக்கு டிக்கெட்டா? ஆளைச் சுரங்கத்துக்குள் இறக்குகிற கூண்டு, அது என்ன திருவிழா ராட்டினமா? நம் ஊர்த் தங்க மைன்ஸ் மூடும்வரை ஐந்து வருடம் ஷாஃப்ட் குழி வாயில் பேங்க்ஸ்மேனாக நின்றவன் நான். ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் ஆளை எண்ணி ஏற்றி, கதவைச் சாத்தி, மணி அடித்துக் கீழே அனுப்பியவன். பெரிய பெரிய அதிகாரிகள் எல்லாம் பார்க்க வந்து இறங்கினார்கள், ஒருத்தரும் டிக்கெட் வாங்கவில்லை. மைன்ஸ் என்று சொன்னால் அப்பா கரைந்துபோவார் என்று நினைத்தாய், கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்தாய். பொய் சொல்லக்கூடக் கொஞ்சம் மூளை வேண்டும், மூன்று வருடமாக நான் கட்டிய ஃபீஸில் அதுகூட உனக்கு வரவில்லையே.

சனிக்கிழமை காலை வேலைக்குப் போகிற ரயிலில், உன்னோடு படிக்கிற ஆஷ்லியின் அம்மா சாரா எதிர் சீட்டில் உட்கார்ந்தார். இன்னாண்ணா, புள்ளைங்க ரெண்டும் இருவத்ரெண்டாந்தேதி டார்ஜிலிங் டூர் போவுதுங்களாமே, உங்க கௌதமுக்கு எவ்ளோ குடுத்தீங்க என்று கேட்டார். ஆஷ்லி, மம்மி எல்லாரும் டூர் போறோம் காசு குடு என்று நேராகவே கேட்டானாம், இவர் வாய் வலிக்கத் திட்டிவிட்டுப் பாதிப் பணம் அனுப்பினாராம். அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நீ பணம் கேட்டது தப்பில்லை. படிக்கிற பிள்ளை பெற்றவனிடம் கேட்காமல் யாரிடம் கேட்பான்? டூர் என்று சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை திட்டிவிட்டு ஐயாயிரமாவது அனுப்பியிருப்பேன். ஊர் சுற்றக் காசு கேட்க உனக்குக் கூச்சம், பொய் சொல்லக் கூச்சம் இல்லை. என்ன பிறவி நீ?

அம்மா காதில் பதினாலாயிரம் விழவே இல்லை, கீழே இறங்குகிறோம் என்றது மட்டும்தான் விழுந்தது. அவளுடைய அப்பா ராக் பர்ஸ்டில் போனபோது அவளுக்கு எட்டு வயது. பூமிக்குள்ளே பாறை வெடித்து மூடிக்கொண்டது, இரண்டு நாள் அவளும் அவள் அம்மாவும் ஷாஃப்ட் வாசலில் நின்றார்கள், மூன்றாம் நாள் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். இதெல்லாம் உனக்குத் தெரியும். உன்னை அவ்வளவு தூரம் அனுப்பும்போது அவள் கேட்டது ஒன்றுதான், இன்னா வேணா படி, கீழ எறங்குற படிப்பு மட்டும் வாணாம்டா என்றாள். அதனால்தான் மெக்கானிக்கல் சேர்ந்தாய். அப்படியிருந்தும் அந்தப் பொய்தான் உனக்குக் கிடைத்ததா? அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. விசிட்டுக்கு வருகிறவர்களை ஆழத்துக்கு விட மாட்டார்கள் என்று நானும் சமாதானத்துக்குச் சொல்லிப் பார்த்தேன், காதில் வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை விகாரைக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். கார்மெண்ட்ஸில் வந்த ஓவர்டைம் காசில், புள்ள வழுக்கி வுழுந்துடக் கூடாது என்று ராபர்ட்சன்பேட்டையில் நல்ல பூட்ஸாகப் பார்த்து வாங்கி உனக்குப் பார்சல் போட்டுவிட்டாள். வந்ததும் போட்டுக்கொள், டார்ஜிலிங் மலை ஏற வசதியாக இருக்கும்.

நானே அவளிடம் உண்மையைச் சொல்லிவிடலாம். ஆனால் உன் அப்பன் செத்த விதத்தைக் காட்டி உன் மகன் காசு பறிக்கப் பார்த்தான் என்று எந்த வாயால் சொல்வேன்? எனக்கு அருவருப்பாக இருக்கிறது கௌதம், இவனையா நான் வளர்த்தேன் என்று வெட்கமாகவும் இருக்கிறது. நீ செய்ததை நீயே சொல். இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றே அவளுக்குப் போன் செய். உண்மை சொல்லத் தைரியம் இல்லையென்றால் விசிட் கேன்சல் ஆகிவிட்டது என்றாவது சொல், அவள் ஒரு வாய் சாப்பிடட்டும். பணம் ஒரு பைசா வராது. மெஸ் பணத்தையும் இனி நேராக ஹாஸ்டலுக்கே கட்டுகிறேன், உன் கைக்குத் தர மாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு, பரீட்சைக்கு ஒழுங்காகப் படி. பகவான் புத்தர் உனக்கு நல்ல புத்தி தரட்டும், பெற்றவன் வேறு என்ன கேட்பேன். கடைசியாக ஒன்று, இதை மறக்காதே. இருபத்திரண்டாம் தேதி அம்மா லீவு போட்டிருக்கிறாள், காலை ஆறு மணியிலிருந்து போனை மடியில் வைத்துக்கொண்டு உட்காரப் போகிறாள். அதுவரை நீ வாயே திறக்காமல் இருந்துவிட்டு, டார்ஜிலிங்கில் டீ குடித்துக்கொண்டே அவளைக் கூப்பிட்டு, மேல வந்துட்டேம்மா என்று மட்டும் சொல்லிவிடாதே. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் எட்டு வயதில் அவள் இரண்டு நாள் ஷாஃப்ட் வாசலில் நின்றாள்.

ஜெய்பீம்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அப்பா,
தம்மபாலன்,
மைசூர் மைன்ஸ், கே.ஜி.எஃப்.