இரு பக்கமும் அமைச்சர் முகம்

பிப்ரவரி 3
ஆலையைத் திறந்து எலிப்புழுக்கையைக் கூட்டி முடிக்கவே மதியமாகிவிட்டது. கலகத்தில் மூடிய மரம் அறுக்கும் ஆலை; நாலு வருஷமாகச் சாவி மட்டும் என்னிடம். இருபதாம் தேதி வெளிநாட்டுக் கம்பெனிக்காரர் அமைச்சரோடு வருகிறார். முதல் போடுவதாகக் கையெழுத்திட்டால் எல்லோருக்கும் பழைய வேலை. இங்கே ரம்பத்துக்குப் பல் தீட்டிக்கொண்டிருந்த என் புருஷன் மத்துரேனும், பிழைக்கப் போன துவாலா நகரத்திலிருந்து வீடு திரும்புவார்.

போனில் சொன்னேன். சிரித்தார். "ஓடில், இப்படி நீ சொல்றது இது மூணாவது தடவை! ஈஸ்டர் வரைக்கும் பாக்குறேன். இல்லேன்னா நானே வந்து உன்னையும் பிள்ளைங்களையும் கூட்டிட்டுப் போயிடுவேன்."

சரி என்றேன். ஏன் சரி என்றேன்?

பிப்ரவரி 8
வரவேற்புக்குப் பெண்கள் எல்லோரும் அமைச்சர் முகம் அச்சடித்த துணி உடுத்த வேண்டும். வழக்கம்தானே. சாயம் வெளுக்காத நல்ல துணிதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றது நான். ஆலையில் பலகை அடுக்கிய லியோந்தீன் சொல்கிறாள்: "மூஞ்சி சரியா பின்பக்கம் வர்ற மாதிரி தைக்கச் சொல்லிட்டேன் அக்கா. உக்காரும்போதெல்லாம் மரியாதை பண்ணலாம்."

பிப்ரவரி 14
தலைநகரில் எல்லாம் அமைதி என்று வானொலி மூன்று முறை சொல்லிவிட்டது. ஒரு முறை சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

பிப்ரவரி 19
மந்திரிசபையைக் கலைத்துவிட்டார்கள். நம் அமைச்சர் சிறையில். நாளை வருவது புதியவர். உதவி ஆட்சியர் போனில் அலறினார்: "அம்மா, அந்தத் துணி ஒண்ணுகூட கண்ணுல படக் கூடாது!"

திருப்பி உடுத்தலாம் என்று பார்த்தால் — நல்ல துணியாயிற்றே, சாயம் மறுபக்கமும் ஏறியிருக்கிறது. உள்ளேயும் அதே மனுஷன் இளிக்கிறார். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

லியோந்தீன்தான் சொன்னாள்: "ஆலையில போட்ட நீல அங்கி எல்லார் பெட்டியிலயும் இருக்கே?"

பிப்ரவரி 20
அத்தனை பேரும் நீல அங்கியில் நின்றோம். சிலருக்குப் பொத்தான் போடமுடியவில்லை.

கம்பெனிக்காரர் அமைச்சரிடம் கேட்டது ஒரே கேள்வி: "உங்களுக்கு அப்புறம் வர்றவரு இந்த ஒப்பந்தத்தை மதிப்பாரா?" புதிய அமைச்சர் ஒரு மணி நேரம் பேசினார். கம்பெனிக்காரரின் பேனா சட்டைப்பையை விட்டு வரவில்லை.

பிறகு அவர் ரம்பத்தை விரலால் தடவிப் பார்த்தார். துரு இல்லை. யார் எண்ணெய் போட்டது என்றார். நான் என்றேன்.

"ஈஸ்டருக்கு அப்புறம் என் ஆளுங்களை அனுப்பினா, நீங்க இங்கே இருப்பீங்களா?"

"இருப்பேன்" என்றேன். புருஷனிடம் ஒரு வாக்கு, ஊர் பேர் தெரியாதவரிடம் ஒரு வாக்கு. எனக்கென்ன பைத்தியமா?

மார்ச் 22
கம்பெனியிலிருந்து கடிதம் இல்லை. மழை தொடங்கிவிட்டது, ஆலைக் கூரை ஒழுகுகிறது. அமைச்சர் துணியை ரம்பத்தின்மேல் நாலாக மடித்துப் போட்டிருக்கிறேன்.

ஏப்ரல் 4
மத்துரேன் மர லாரியில் வந்து இறங்கினார். இளைத்திருக்கிறார். "பெட்டியக் கட்டு" என்றார். கம்பெனிக்காரரிடம் கொடுத்த வாக்கைச் சொன்னேன். "அவன் வரவே மாட்டான்டி!" வரமாட்டார் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. ஆனாலும் கட்டவில்லை. முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டோம்.

ஏப்ரல் 5, ஈஸ்டர்
கோயிலிலிருந்து நேரே ஆலைக்குப் போனேன். கோபத்தோடு பின்னாலேயே வந்தார். துணியைத் தூக்கிப் பார்த்தார். அமைச்சரைக் கண்டதும் சிரிப்பை அடக்கமுடியவில்லை. பிறகு பல் பல்லாகத் தடவிக்கொண்டே போனார்.

"எண்ணெய் போட்டிருக்க. பல்லைத் தீட்டலையே?"

"அது உங்க வேலை."

சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். பிறகு, அரம் எங்கே என்று கேட்டார். எடுத்துக் கொடுத்துவிட்டு, சமைப்பதற்காக வீட்டுக்கு வந்தேன். தீட்டுகிற சத்தம் இங்கே வரை கேட்கிறது.