கருவில் பழகியது

என் ஆராய்ச்சிக்காரிக்கு, உன் லிஃப்ட்காரன் எழுதுவது.

நலம் என்று எழுதினால் நம்ப மாட்டாய். நலமில்லை என்று எழுதினால் உனக்கு அங்கே வேலை ஓடாது. அதனால் அந்த வரியை விட்டுவிட்டே தொடங்குகிறேன். நீ நேரத்துக்குச் சாப்பிடு.

ஞாயிற்றுக்கிழமைதானே பேசினோம், அதற்குள் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனை எடுத்தாலே நீ மாத்திரை கேட்கிறாய், எடை கேட்கிறாய், கால் வீக்கத்தைக் காட்டச் சொல்கிறாய். அதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்குகிறது. அது உன் காதில் விழக் கூடாதென்று சட்டென்று போனை வைத்துவிடுகிறேன். எழுதுவதில் அந்தத் தொல்லை இல்லை. பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தால் யாருக்கும் தெரியாது.

அன்றைக்கு நீ, "ஆபரேஷனுக்கு நான் வந்துடவா?" என்று கேட்டாய். வேண்டாம், அக்கா இருக்கிறாள், நீ உன் வேலையைப் பார் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். இதயத்துக்குத் துணையாக நெஞ்சில் பம்ப் வைக்க அடுத்த மாதம் தேதி கொடுத்துவிட்டார்கள். நீ நடுவில் கிளம்பினால் அந்த ஆய்வகத்தில் இத்தனை நாள் பாடுபட்டதைத் தூக்கி வேறொருவர் கையில் கொடுத்துவிடுவார்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அதனால் வர வேண்டாம். இதில் நான் உறுதியாகத்தான் இருக்கிறேன்.

கம்பெனியில் என்னைக் கீழேயே உட்கார வைத்துவிட்டார்கள். லிஃப்ட் எல்லாரையும் மேல்மாடி வரை கொண்டுபோய் விடும். மோட்டார் அறைக்குப் போகிற மெக்கானிக் மட்டும் அதற்கும் மேலே படி ஏற வேண்டும். அந்தப் படியில் ஒரு நாள் பாதியில் உட்கார்ந்துவிட்டேன். அதிலிருந்து சோடாபுட்டி என்னை மேலே விடுவதில்லை. என்னோடு வேலைக்குச் சேர்ந்தவன், இப்போது எனக்கே அதிகாரி மாதிரி பேசுகிறான். "நீ கீழ இருந்து போன்ல சொல்லுப்பா, நான் பாத்துக்குறேன்" என்கிறான். நான் ஒன்று சொன்னால் அவன் வேறொன்றைக் கழற்றுகிறான். போன வாரம் ஒரு லிஃப்ட் கதவு மூடவும் மாட்டேன், திறக்கவும் மாட்டேன் என்று அழிச்சாட்டியம் பண்ணியது.

வீட்டில் அக்கா ராஜ்ஜியம். வந்த அன்றே உப்பு டப்பாவை எங்கேயோ ஒளித்து வைத்தாள். எங்கே வைத்தாள் என்று இப்போது அவளுக்கே நினைவில்லை. பாவம், அவளும் என்னோடு சேர்ந்து பத்தியச் சாப்பாடு சாப்பிடுகிறாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் கூப்பிட்டு, வயிற்றிலிருந்து வெளியே வரப்போகும் பம்ப் ஒயரைச் சுற்றி எப்படிச் சுத்தம் செய்வது, பேட்டரி எப்படி மாற்றுவது என்று சொல்லிக் கொடுத்தாள். அக்கா எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். "இனிமே போனோட சேத்து உன்னையும் சார்ஜ் போடணுமாடா" என்று சிரித்தாள். பிறகு முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று போனவள் வர வெகுநேரம் ஆயிற்று.

உன் மேல் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான், மறைப்பானேன். "ஊர்ல இருக்கிற இதயத்தையெல்லாம் அவ பாக்குறா, கட்டினவன் இதயம் இங்க கெடக்கு" என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. உட்கார வைத்து, நீ எனக்குச் சொன்னதையெல்லாம் அவளுக்குச் சொன்னேன். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் எல்லா ஜீனும் இருக்கும், ஆனால் எல்லாம் ஒரே சமயத்தில் வேலை செய்யாது. கருவில் இருக்கும்போது மும்முரமாக வேலை செய்த சில ஜீன்கள் பிறந்த பிறகு அடங்கிவிடும். இதயம் பலவீனமாகி, பாரம் தாங்க முடியாமல் போனால் அவற்றில் சில மறுபடி விழித்துக்கொள்ளும். எது விழித்தது, எது அடங்கியது என்றுதான் நீ பார்க்கிறாய் என்றேன். அக்கா கொஞ்ச நேரம் என் நெஞ்சையே பார்த்துவிட்டு, "அப்ப உள்ள இருக்கிறது கைக்குழந்தைன்னு சொல்லு" என்றாள். கைக்குழந்தைக்கும் முன்னால் என்றேன். கொழுப்பை எரித்து ஓடிக்கொண்டிருந்த இதயம் இப்போது சர்க்கரைப் பக்கம் சாய்கிறதாம் என்றும் சொன்னேன். அதற்கு இனிப்பு கேட்கிறது, எனக்கு உப்புகூடக் கிடையாது. என்ன நியாயம் இது?

அவளுக்குச் சொல்லும்போதுதான் எனக்கே ஒன்று தோன்றியது. தாங்க முடியாதபோது பழசைத் தேடிப் போகிற புத்தி செல்லுக்கு மட்டும் இல்லை. வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது "வந்துட்டேன்" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுக்கிறேன். அக்கா, "வா வா, யாரு வேண்டாம்னா" என்கிறாள். கட்டிலில் நீ படுக்கும் பக்கத்தில் படுக்கிறேன். கல்யாணமான புதிதில் நீ ஆய்வகத்திலிருந்து வரும் பஸ்ஸுக்காகக் காத்திருப்பேனே, போன வாரம் அந்த நிறுத்தத்தில் போய் நின்றேன். எதற்குப் போனேன் என்று கேட்காதே. பஸ் வந்தது, யார் யாரோ இறங்கினார்கள். டிரைவர் நான் ஏறுவேனோ என்று கொஞ்சம் நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார். மனசு உன்னைத் தேடுகிறது. இதை வேறு எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை.

அந்த ஜீன்கள் விழிப்பது இதயத்துக்கு நல்லதா கெட்டதா என்று முன்பு உன்னிடம் கேட்டேன். முதலில் தாங்கிப் பிடிக்கலாம், போகப் போக அதுவே கெடுதலாகலாம், யாருக்கும் இன்னும் முழுசாகத் தெரியாது என்றாய். பம்ப் வைத்துப் பாரத்தை இறக்கினால் சிலருக்கு அவற்றில் கொஞ்சம் அடங்குகிறது என்றும் சொன்னாய். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இதற்குச் சம்மதித்தேன்.

நேற்று டாக்டர் எல்லாவற்றையும் விளக்கினார். பம்பைப் பொருத்த இதயத்தின் நுனியில் சின்னதாகத் தசையை வெட்டி எடுப்பார்களாம். அதை ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாமா என்று கேட்டார். தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், என் வீட்டுக்காரிக்கும் அதுதான் பிழைப்பு என்றேன். சிரித்தார். பிறகு, பம்ப் இதயம் மாதிரி விட்டு விட்டு அடிக்காது, நிற்காமல் ஓடும், அதனால் கையில் நாடி பிடித்தால் தெரியாமல் போகலாம் என்றார். நெஞ்சில் காது வைத்தால் மோட்டார் இரைச்சல்தான் கேட்குமாம். மோட்டாரோடு காலம் தள்ளியவனுக்கு இதில் என்ன பயம் என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பயம் வந்துவிட்டது. நீ என் நெஞ்சில் காதை வைத்துத்தானே தூங்குவாய். "இந்த லொடலொடப்புல மனுஷி எப்படித் தூங்குறது" என்று திட்டிக்கொண்டே தூங்கிவிடுவாய். நீ வேலை முடிந்து திரும்பி வரும்போது அந்தச் சத்தம் இங்கே இருக்காது.

இந்தக் கடிதத்தில் மேலே, "வர வேண்டாம்" என்று எழுதியதை அடித்துவிடப் பார்த்தேன். இருக்கட்டும், அதுவும் நான் எழுதியதுதான். வெட்டி எடுக்கிற துண்டைப் பெட்டியில் வைத்து எந்த ஆய்வகத்துக்கும் அனுப்புவார்கள். சத்தத்தை அப்படி அனுப்ப முடியாது. உன் ஆய்வகத்துப் பெரிய அம்மணியிடம் எப்படியாவது விடுப்புக் கேள். ஆபரேஷனுக்கு முன்னால் வந்து, காதை வைத்துக் கேட்டுவிட்டுப் போ. முன்பு மாதிரி இல்லை, தட்டுத் தடுமாறித்தான் அடிக்கிறது. உனக்குத் தெரிந்த சத்தம்தான்.

எடுத்த வேலை உன் கையாலேயே நல்லபடியாக முடியட்டும். நீ நன்றாக இருக்க வேண்டும். வந்துவிடு.

உன்,
லிஃப்ட்காரன்