கிழங்குச் சாக்கில் இருந்த ஸ்டீமர்

அம்மிணி,

மகள் கல்யாணத்துக்குப் போட்ட வெள்ளைச் சட்டையை இன்னும் துவைக்கப் போடவில்லை. ஆணியில் தொங்குகிறது. கிட்டே போனால் ஆவி பட்ட துணியின் வாசம் அடிக்கிறது. நீ இந்த வீட்டில் இருந்த கடைசி மாதங்களில் நடு அறையில் எந்நேரமும் அடித்த அதே வாசம். செத்தவளுக்குக் கடுதாசி எழுதும் கிறுக்கன் என்று உன் அண்ணி முணுமுணுக்கிறாள். முணுமுணுக்கட்டும். உயிரோடு இருந்தபோதுதான் உன்னிடம் உண்மை பேசவில்லையே.

குடிகாரப் புருஷனை விட்டுவிட்டு வந்து, வாசலூர்பட்டி ஏரிப் பக்கத்து லாட்ஜில் விரிப்புத் துவைக்கப் போனாய். அங்கே தங்கிய ஒரு டவுன்காரி கையில் பார்த்துவிட்டுச் சம்பளத்தில் ஒரு ஸ்டீமர் வாங்கினாய். சொம்பளவு மெஷின். தண்ணீர் ஊற்றி, தொங்கும் துணிமேல் காட்டினால் புஸ்ஸென்று ஆவி விட்டுச் சுருக்கத்தை எடுக்கும். என் மகள் அதன் கைப்பிடியில் நகப்பாலிஷால் உனக்காக ஒரு பூ வரைந்தாள். போனில் பார்த்துப் பார்த்தே கல்யாணப் பட்டுக்கு மடிப்பு வைக்கப் பழகினாய். நீ மடித்து ஊக்கு குத்திக் கொடுத்த சேலையை மணப்பெண் அப்படியே சுற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

ஒரு நாள் என் வேட்டிக்கு நானே ஆவி பிடிக்கிறேன் என்று எடுத்தேன். கையைத் தட்டிவிட்டாய்.

"பொறுங்கண்ணா. நல்லாக் காஞ்சு மூச்சு உடறதுக்குள்ள துணிகிட்டக் கொண்டுபோனா எச்சி துப்பிப் போடும். பட்டுல அந்தத் தண்ணிக்கறை போகாது."

மலையில் தள்ளி இருக்கும் அரியூர் நாட்டு ஊர்களிலிருந்தெல்லாம் சேலைகள் வர ஆரம்பித்தன. உன் முகத்தில் வெளிச்சம் வந்தது. எனக்கு அது பொறுக்கவில்லை என்று சொன்னால் பொய். உண்மை அதைவிடக் கேவலம். டீக்கடையில் ஒரு பங்காளி எல்லார் முன்னாலும், "ஏம்ப்பா, உந்தங்கச்சி ஊருத்துணி தேய்க்கக் கெளம்பிட்டாளாமா? சோத்துக்கு வழியில்லையா உங்கூட்ல?" என்றான். சிரித்தார்கள். உழுது தின்கிற குடும்பம் அடுத்தவன் துணியைத் தொடுவதா என்று எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மண்ணாங்கட்டி ரோஷம்.

மறுநாள் நீ லாட்ஜுக்குப் போனதும் ஸ்டீமரைக் கிழங்குச் சாக்கில் சுருட்டிப் பரணில் போட்டேன். ஒரு கல்யாணச் சேலை பாதி மடிப்போடு கட்டிலில் கிடந்தது. திரும்பி வந்து வீடு முழுக்கத் தேடினாய்.

"அண்ணா, பாத்தீங்களா?"

"எனக்கென்ன தெரியும்? லாட்ஜுல எங்கியாவது உட்டுட்டு வந்திருப்ப."

மகளும் உன்னோடு சேர்ந்து இரண்டு நாள் தேடினாள். முகூர்த்தம் நெருங்கியது. சேலையைப் பாதியோடு திருப்பிக் கொடுத்தாய். அந்த வீட்டார் பேசிய பேச்சுக்குப் பிறகு யாரும் உன்னிடம் சேலை அனுப்பவில்லை. அடுத்த மாதமே நீ மலையிறங்கி நூல் மில்லுக்குப் போனாய்.

இரண்டு வருஷம் பஞ்சுத் தூசியை இழுத்தாய். இருமல் விடவில்லை என்று போனில் சொன்னபோது, "கசாயம் வெச்சுக் குடி" என்றேன். கொண்டை ஊசி வளைவுகளை எல்லாம் ஏறி ஆம்புலன்ஸில் பிணமாகத்தான் வந்து சேர்ந்தாய்.

உன்மேல் போர்த்தும் பிறந்த வீட்டுக் கோடியை நான்தான் போட வேண்டும். போட்டேன். கடை மடிப்புக் கலையாத புதுச்சேலை. நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு கோடு தடித்து நின்றது. கோடியைத் தேய்த்துப் போடும் வழக்கம் நமக்கு இல்லை. உன்னால் எழுந்திருக்க முடிந்திருந்தால் அந்தச் சேலையைப் பிடுங்கி ஆவி காட்டியிருப்பாய். உன் தலைக்கு நேர் மேலே பரணில் மெஷின் இருந்தது.

போன மாதம் மகளுக்குக் கல்யாணம். சேலை மடிக்க நாமக்கல்லிலிருந்து ஒரு பெண்ணை வரவழைத்தோம். அவளுக்கு நாற்காலி, முதல் காப்பி, வாய் நிறைய 'மேடம்'. டீக்கடையில் சிரித்த பங்காளியே அவள் பையைத் தூக்கி வந்து வைத்தான். அவளும் ஊருத்துணி தேய்க்கிறவள்தான், அம்மிணி.

கரண்ட் ஏறி இறங்கியதில் அவள் மெஷின் புகைந்து நின்றது. முகூர்த்தப் பட்டு கசங்கிக் கிடந்தது. "வேற ஸ்டீமர் கெடைக்குங்களா?" என்றாள். உன் அண்ணி கையைப் பிசைந்தாள். நான் பரணில் ஏறினேன். மகள் கல்யாணமாயிற்றே, எனக்கு வேறென்ன வழி?

சாக்கைப் பிரித்ததும் மகள் அந்தப் பூவைப் பார்த்தாள். அறை முழுக்க உறவுக்காரப் பெண்கள்.

"அத்தை தேடுனப்ப தெரியாதுன்னீங்களேப்பா?"

நான் காலிச் சாக்கைச் சுருட்டினேன். அதற்குள் நாமக்கல் பெண் தண்ணீர் ஊற்றிப் பட்டை நோக்கி நீட்டினாள். மகள் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"பொறுங்கக்கா. மூச்சு உடட்டும். இல்லீன்னா எச்சி துப்பும்."

அழுதுகொண்டேதான் சொன்னாள். மிச்சமிருந்த ஆவியில் என் சட்டையையும் அந்தப் பெண் பிடித்துக் கொடுத்தாள். வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

சாயங்காலம் மகள் புருஷன் வீட்டுக்குக் கிளம்பினாள். சீர்ச் சாமான் எல்லாம் வண்டியில் ஏற்றியாயிற்று. ஸ்டீமரை மட்டும் யாரிடமும் கொடுக்காமல் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "போயிட்டு வாரேனுங்கம்மா" என்று அவள் அம்மாவிடம் சொன்னாள். பக்கத்தில்தான் நின்றேன். என்னிடம் சொல்லவில்லை.

அவள் கேட்டதற்குப் பதில் எனக்குத் தெரியும். டீக்கடையில் நாலு பேர் சிரித்ததற்குப் பயந்து உன் பிழைப்பில் மண்ணைப் போட்டேன். அதைச் சொல்ல வேண்டியது இரண்டு பேரிடம். ஒருத்தி நீ. இன்னொருத்தி நான் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை.