கறுத்த மீனை யூசுப் பாய்க்குக் கொடுத்தது

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே வெயில் சுள்ளென்று. மீன் தொட்டித் தண்ணீர் முப்பது டிகிரி. தண்ணீர் மாற்ற நேரமில்லை.

இன்னொரு நீல மீன் செத்துக் கிடந்தது. வால் இல்லை, ஒரு கண் இல்லை. இந்த மாதத்தில் மூன்றாவது.

மீதி: மஞ்சள் 3, நீலம் 1, கோடு போட்டது 4.

செய்தது யாரென்று தெரியும். கோடு போட்ட நான்கில் பெரியது. வாங்கும்போது நான்கும் ஒரே மாதிரி, தங்க நிறத்தில் கறுப்புக் கோடு. இது மட்டும் பத்தே நாளில் உடம்பெல்லாம் கறுத்துவிட்டது. தொட்டிக்கு ராஜாவாகிற ஆண் இப்படித்தான் கறுக்குமாம். நெட்டில் இப்போது படிக்கிறேன். வாங்கும் முன் படித்திருக்க வேண்டும்.

வேலூர் கடைக்காரர் சொன்னதை மட்டும் நம்பினேன். "ஆப்பிரிக்கா ஏரி மீனு சார். உங்க ஆம்பூர் போர் தண்ணிக்கு இதுதான் செட்டாகும்." தண்ணீர் செட்டானது. மூன்றடித் தொட்டிக்கு இத்தனை முரட்டு மீன் செட்டாகுமா என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மெர்சி பள்ளிக்கூட வேலைக்குக் கிளம்பும்போது, "ஏங்க, டிபன் சாப்புடும்போது அந்தப் பக்கம் திரும்பவே முடியல. இன்னாவாவது பண்ணுங்க."

கேஸ் புக் பண்ண வேண்டும். மறந்தேன்.


ஜூன் 10, செவ்வாய்

செய்தவை:
கல்லையெல்லாம் எடுத்து வேறு மாதிரி அடுக்கினேன். இடம் மாறினால் எல்லைச் சண்டை குறையும் என்று நெட்டில் போட்டிருந்தது.
மண்பானை உடைத்து இரண்டு குகை.
கறுப்பை மட்டும் காய் கழுவும் பிளாஸ்டிக் கூடையில் பிடித்துப் போட்டு, தொட்டிக்குள்ளேயே மிதக்கவிட்டேன். ஒரு நாள் தண்டனை.

சாயங்காலம் திறந்துவிட்டேன். ஐந்து நிமிடம் சும்மா இருந்தது. பிறகு நேராகப் போய் கடைசி நீலத்தை ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் நெருக்கியது. மூலையில், தலை மேலே, வால் கீழே, நீலம் அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது.

சாப்பாட்டுக்கு நடுவில் இரண்டு முறை எழுந்து போய்ப் பார்த்தேன். மீனுக்குப் போய் இப்படியா.


ஜூன் 11, புதன்

கொடுத்துவிட்டேன்.

மத்தியானச் சாப்பாட்டில் யூசுப் பாய் பக்கத்தில். கட்டிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். பதினோரு வருடமாக ஒரே ஷூ கம்பெனியில் இருக்கிறோம். மெர்சிக்கு டைபாய்டு வந்தபோது தினமும் கஞ்சி கொண்டுவந்து கொடுத்த மனிதர். மீன் ஒன்று அதிகமாக இருக்கிறது என்று நான்தான் பேச்செடுத்தேன். ஃபோனில் படம் காட்டினேன். ஒரு மாதத்துக்கு முந்தைய படம், தங்க நிறத்தில் இருந்தபோது எடுத்தது.

"அட, சூப்பரா கீது பிரபு! என் பொண்ணு பாத்தா விடவே மாட்டா. அவகிட்ட ஆறு ஏஞ்சல் மீனு கீது. சேருமா அதுங்களோட?"

"சேரும் பாய்."

"சண்டை கிண்டை போடாதே?"

"சாது பாய்."

இரண்டு வார்த்தை. யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொல்லிற்று.

சாயங்காலம் பாலிதீன் கவரில் தண்ணீரோடு பிடித்து, டிபன் பையில் வைத்து, பெத்லகேம் ஏரியாவில் அவர் வீட்டு வாசலிலேயே கொடுத்துவிட்டு வந்தேன். "இன்னா பிரபு, கலர் வேற மாதிரி கீதே?" என்றார். வெளிச்சம் பட்டால் சரியாகிவிடும் என்றேன். இன்னொரு பொய்.

வீட்டில் தொட்டி அமைதி. நீலம் வெளியே வந்து சாப்பிட்டது.


ஜூன் 12, வியாழன்

சாயங்காலம் இடி, நாலு தூறல், அவ்வளவுதான்.

யூசுப் பாய் குஷி. மகள் ஆஃப்ரீன், அஞ்சாங் கிளாஸ், பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று தொட்டி முன்னாலேயே உட்கார்ந்திருந்தாளாம். நான் சிரித்தேன்.

ஏஞ்சல் மெதுவான மீன். அகலமான உடம்பு, நீளமான துடுப்பு. ஓடத் தெரியாது.


ஜூன் 13, வெள்ளி

ஜும்மா தொழுகைக்குப் போகும் அவசரத்தில் யூசுப் பாய் என் டேபிளில் நின்றார். "ரெண்டு ஏஞ்சல் போய்ட்ச்சு பிரபு. துடுப்பெல்லாம் கிழிஞ்சு கெடந்துச்சு. தண்ணியில இன்னாமோ கோளாறு போல."

இப்போதாவது சொல்லியிருக்கலாம். அந்தக் கறுப்பை உடனே தனியாக எடுங்கள் பாய் என்று. மீதி நாலு ஏஞ்சலாவது பிழைக்கும்.

சொன்னது: "கொஞ்சம் தண்ணி மாத்திப் பாருங்க பாய்."

ஷூவில் கீறல், குறை தேடுவதுதான் கம்பெனியில் என் வேலை. இன்று ஒரு பெட்டியில் இரண்டும் இடது கால் ஷூவாகப் போயிருக்கிறது. பேக்கிங்கில் பிடித்தார்கள். மேனேஜர் எல்லார் எதிரிலும் கேட்டார்.


ஜூன் 14, சனி

ஆறும் போய்விட்டது.

யூசுப் பாய் டீ குடிக்கவில்லை. "பாப்பா நேத்திலேர்ந்து சாப்புடல பிரபு. தீனி ஜாஸ்தி போட்டுட்டேன், நான்தான் சாகடிச்சுட்டேன்னு அழுவுறா. நானும் கோவத்துல ரெண்டு திட்டிட்டேன். உன் மீனு ஒன்னுதான் பொழைச்சு கீது. அதுகிட்டயே உக்காந்துக்கினு கீறா. நாளைக்கு வேலூர் போய் புதுசா ஆறு ஏஞ்சல் வாங்கியாந்து போட்டுடலாம்னு கீறேன்."

அதே தொட்டியில். அதனோடு.

"ஒரு வாரம் போகட்டுமே பாய், தண்ணி செட்டாகட்டும்."

"இல்லப்பா, அவ மூஞ்சிய பாக்க முடியல."

வீட்டுக்கு வந்தால் அடுத்த அதிர்ச்சி. கோடு போட்டதில் இன்னொன்றுக்கு வயிறு கறுத்து வருகிறது. நீலம் திரும்பவும் ஃபில்டருக்குப் பின்னால். கடைக்காரருக்கு ஃபோன் போட்டேன்.

"ஒருத்தன் போனா அடுத்தவன் வருவான் சார். ஒரு ஆணுக்கு நாலு பொண்ணு இருக்கணும். கூட்டமா இருந்தா அடி எல்லாத்துக்கும் பிரிஞ்சு போவும், ஒன்னே வாங்கிச் சாவாது. அஞ்சடி தொட்டியா மாத்துங்க. இல்லன்னா கோடு போட்ட வகையையே விட்டுடுங்க."

அப்படியானால் கொடுத்தும் பலனில்லை. எனக்குமில்லை, பாய்க்குமில்லை.

மெர்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குழம்புக்குச் சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"சொல்லாதீங்க. மீனுதானே. நாமளே ஆறு ஏஞ்சல் வாங்கிக் குடுத்து, அந்தக் கறுப்பைத் திருப்பி எடுத்துக்குனு வந்துடலாம். உண்மைய சொன்னா பாய் மறுபடி நம்ம மூஞ்சியில முழிப்பாரா?"

"இன்னா சொல்லி எடுத்துக்கினு வர்றது?"

"ஜோடி இல்லாம நம்ம வீட்டு மீனு ஏங்குதுன்னு சொல்லுங்க."

நல்ல பொய். என்னுடையதைவிட நல்ல பொய். ஆனால் ஆஃப்ரீன் தான்தான் சாகடித்தேன் என்றே நினைத்துக்கொண்டிருப்பாள்.


ஜூன் 15, ஞாயிறு

மெர்சி சர்ச்சுக்கு. நான் போகவில்லை. யூசுப் பாய் வேலூர் கிளம்புவதற்கு முன் போய்விட வேண்டும் என்று எட்டரைக்கே வண்டியை எடுத்தேன். ஸ்டாண்டை எடுக்காமலே கொஞ்ச தூரம் ஓட்டியிருக்கிறேன். காய்கறிக்காரர் கத்தினார்.

வாளி எடுத்துப் போனேன், மூடி போட்டது. மீனைத் திரும்ப எடுத்து வர.

பாய் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். "வா வா, நீயும் வர்றியா கடைக்கு?" உள்ளேயிருந்து அவர் மனைவி டீ கொடுத்தனுப்பினார். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன். படம் பழையது என்று. என் வீட்டில் நீலத்தைக் கொன்றது அதுதான் என்று. சாது என்று சொன்னது பொய், தெரிந்தே சொன்னேன் என்று. வெள்ளிக்கிழமை தண்ணீர் மாற்றச் சொன்னபோதும் தெரியும் என்று.

பாய் பட்டனைப் போட்டு முடித்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. "பதினோரு வருஷம் பிரபு" என்றார். டீ ஆடை கட்டிவிட்டது.

ஆஃப்ரீன் தொட்டி ஓரமாகவே நின்றிருந்தாள். இரண்டடித் தொட்டி. நடுவில் அது மட்டும், கறுப்பாக, மினுமினுவென்று, அவள் விரலைப் பார்த்துக்கொண்டு.

அவளிடம் போய், "பாப்பா, நீ தீனி போட்டது தப்பில்லம்மா. அங்கிள் பண்ணதுதான் தப்பு" என்றேன்.

என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப நான் சாகடிக்கலியா?"

"இல்லம்மா."

"அப்பா என்னை திட்டினாரே."

பாய் தலையைத் திருப்பிக்கொண்டார். பிறகு வந்து அவள் தலையில் கை வைத்தார். ஏதோ உருதுவில் சொன்னார், எனக்குப் புரியவில்லை. அவள் அழுது முடிக்கும்வரை வாசற்படி அருகிலேயே நின்றேன்.

அப்புறம் வாளியைக் காட்டி, "அதை நான் எடுத்துக்குனு போய்டறேன் பாப்பா. நீ ஏஞ்சல் வாங்கிப் போட்டுக்கலாம்" என்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு தொட்டிக்கு முன்னால் வந்து நின்றாள். இரண்டு கையாலும் கண்ணாடியை மறைத்தாள்.

"வேணாம் அங்கிள். எங்களுக்கு வேற ஏஞ்சலும் வேணாம். இது ஒன்னே இங்க இருக்கட்டும். உங்ககிட்ட குடுத்தா நீங்க வேற யாருக்காவது குடுத்துடுவீங்க."