கேண்டீனுக்கு மிஷின், வீட்டுக்கு பிட்டர்

இன்று காலை மகள் வீட்டுச் சமையலறையில் பாத்திரம் கழுவும் மிஷினின் கதவைத் திறந்தேன். உள்ளே அடைபட்டிருந்த ஆவி முகத்தில் அடித்தது. வெந்நீரும் சோப்பும் சூடேறிய எவர்சில்வரும் கலந்த வாசனை. மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்து எதுவும் தெரியவில்லை. அந்த வெள்ளைப் புகைக்குள் நீ சிரிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. "இன்னாப்பா, தனியா சிரிச்சிக்கினு இருக்கே?" என்றாள் மகள். "உங்க அம்மாவோடு பேசிக்கொண்டிருக்கிறேன்" என்றால் பயந்துவிடுவாள். அதனால் உனக்கே எழுதுகிறேன்.

எழுபதுகளில், கும்மிடிப்பூண்டியில் நம் தொழிற்சாலை வந்த புதிது. நான் மெயின்டனன்ஸில் பிட்டர், மிஷின் மாட்டுகிறவன். நீ கேண்டீனுக்குப் பின்னால் தொட்டியடியில் தட்டு தேய்க்கிற பெண்களில் ஒருத்தி. சலவை சோடா கரைத்த வெந்நீரில் ஊறி ஊறி உன் விரல் இடுக்கெல்லாம் வெடித்திருக்கும். குழம்பின் காரம் பட்டால் உயிர் போகும். அதனால் ஸ்பூனால் சாப்பிடுவாய். "தொரசாணி சாப்பட்றாங்கோ, வழி உடுங்க" என்று மற்ற பெண்கள் கேலி செய்தால் ஸ்பூனைத் தூக்கிக் காட்டி சலாம் வைப்பாய். திமிர் பிடித்தவள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

அப்போதுதான் வெளிநாட்டிலிருந்து அந்த மிஷின் வந்தது. பீரோவைப் படுக்கப் போட்ட மாதிரி ஒரு இரும்புப் பெட்டி. தட்டு கழுவ மிஷினா என்று ஊரே வேடிக்கை பார்த்தது. தொட்டியடிப் பெண்கள் மட்டும் வேடிக்கை பார்க்க வரவில்லை. "நம்ம சோத்துல மண்ணு உழுந்துச்சிமே" என்று ஒரு அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த மிஷினை மாட்டி ஓட்டிக் காட்டும் வேலை எனக்கு வந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒரு நட்டை லூசா உட்டா போதும், இது ஓடவே ஓடாது. உங்க வேலை அப்படியே இருக்கும்" என்றேன். நீ என்னைத் தெய்வமாகப் பார்ப்பாய் என்று நினைப்பு.

நீ இரண்டு உள்ளங்கைகளையும் என் முகத்துக்கு நேரே விரித்தாய். அன்றுதான் அந்த வெடிப்புகளைப் பார்த்தேன்.

"இந்த வேலையா பிட்டரே இருக்கணும்? நீ மிஷின ஒழுங்கா ஓட்டு. நாங்க இருக்கறதா போறதான்றத நாங்க பேசிக்கிறோம்."

ஒழுங்காகத்தான் மாட்டினேன். ஆனால் அதற்கென்று உள்ள பவுடர் வந்து சேரவில்லை. துணி துவைக்கிற பவுடரை அள்ளிப் போட்டு ஸ்விட்சைத் தட்டினோம். கொஞ்ச நேரம் உறுமியது. பிறகு கதவிடுக்கில் நுரை எட்டிப் பார்த்தது. அப்புறம் நிற்கவே இல்லை. சமையல்கட்டைத் தாண்டி, சாப்பிட உட்கார்ந்திருந்தவர்களின் முழங்கால் வரைக்கும் நுரை. மேனேஜர் பளபளவென்ற பூட்ஸோடு ஓடிவந்து நடுவில் சறுக்கி உட்கார்ந்தார். "யார்யா பண்ணது இதை?"

நான் ஸ்விட்சை அணைக்க ஓடினேன். நீதான் முன்னால் போய்க் கை கொடுத்து அவரைத் தூக்கிவிட்டாய்.

"மிஷினு தனியா பண்ணிச்சி சார். அதுக்கு எவ்ளோ பவுடர்னு தெரியாது. எச்சில் வழிக்கத் தெரியாது, தட்டு அடுக்கத் தெரியாது. பக்கத்துல நாங்க நிக்கணும் சார். மிச்சப் பேரு காய் அரியட்டும், பரிமாறட்டும். யாரையும் நிறுத்தாதீங்க."

மேனேஜர் காதிலிருந்த நுரையை வழித்தபடி உன்னையே பார்த்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பிலேயே சரி என்றார். ஒருவருக்கும் வேலை போகவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்ட அம்மா அன்று உனக்குத் திருஷ்டி கழித்து நெட்டி முறித்தார்.

சில மாதம் கழித்து, மத்தியானச் சாப்பாட்டு நேரம். நீ மீன் குழம்பில் ஐந்து விரலையும் போட்டுப் பிசைந்து, கண் மூடிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். விரல் வெடிப்புகள் ஆறியிருந்தன. ஒரு பெண் சாப்பிடுவதைப் பார்த்து எவனாவது கல்யாணம் கேட்பானா? நான் கேட்டேன். நீ விரலைச் சப்பிக்கொண்டே யோசித்தாய்.

"கேண்டீன்ல மிஷினு இருக்குது. ஊட்ல?"

"ஊட்ல நான் இருக்கறேன்."

"வாயால சொல்லாத. கையால செய்யி."

செய்தேன். நம் வாடகை வீட்டுக் குழாயடியில் நான் பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தால், தெருவில் போகிற ஆம்பளைகள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். நீ வாசற்படியில் காலை நீட்டிக்கொண்டு, "அடி பிடிச்சது போவல பிட்டரே" என்று மேற்பார்வை பார்ப்பாய். கல்யாணம் ஆன பிறகும் நான் உனக்கு பிட்டர்தான்.

பள்ளிப்பட்டிலிருந்து வந்த என் அம்மாவுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. "இன்னா நைனா இது கோலம்? பொண்டாட்டி குந்திக்கினு இருக்கா, நீ சட்டி தேய்க்கற" என்று தலையில் அடித்துக்கொண்டார். நீ கோபப்படவில்லை. "நாள் முழுக்க நின்னுக்கினே இருந்தேன் அத்தே. நீயும்தான் எத்தினி வருசமா நிக்கற. வா, பக்கத்துல குந்து" என்று படியில் இடம் விட்டாய். அம்மா உட்காரவில்லை. உள்ளே போய்விட்டார். ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின நாள், சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு வந்தார். என் எதிரில் வைத்தார். போய் உன் பக்கத்தில் உட்கார்ந்து காலை நீட்டினார். அம்மா அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

நீ போய்ச் சேர்ந்த பிறகும் இந்தப் பழக்கம் போகவில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் யார் நின்றுகொண்டே இருக்கிறார்கள் என்று கண் தேடுகிறது. போன மாதம் திருப்பாச்சூரில் ஒரு கல்யாணம். பந்திக்குக் கூப்பிட்டார்கள். நான் மண்டபத்துக்குப் பின்னால் போனேன். அண்டாக்களுக்கு நடுவில் பெண்கள் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு பெண் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இன்னா தாத்தா, சாப்புடாம இங்க வந்துட்டே?"

"என் ஊட்டுக்காரி அனுப்பிச்சாம்மா" என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே நகர்ந்து, ஒரு குண்டானை என் பக்கம் தள்ளினாள்.