காலில் பட்டால் தப்பு

அக்டோபர் 9, திங்கள்

மேகம் மட்டும். மழை இல்லை. புழுக்கம்.

மில் வாசல் பலகையில் நோட்டீஸ். கால்பந்து அணி கலைக்கப்பட்டது. இனி ஹாக்கி மட்டும். ஊரே ஹாக்கிப் பைத்தியம். மில்லுக்கும் பிடித்துவிட்டது.

நான்கு வருடம் சென்டர் ஃபார்வர்ட். இரண்டாம் பிரிவுதான், மதுரையைத் தாண்டியதில்லை. இருந்தாலும் ஒரு பி.ஏ.வை, தத்துவம் படித்தவனை, இவர்கள் குமாஸ்தாவாக எடுத்தது தலைக்காக அல்ல. காலுக்காக.

ஸ்பின்னிங் மாஸ்டரிடம் போய்க் கேட்டேன்.

"எல்லாம் பந்துதாம்வே. ஹாக்கிக் கட்டையைப் பிடியும். இல்லைன்னா ஆபீஸ் நாற்காலி கிடையாது. கார்டிங்ல பஞ்சுத் தூசிக்குள்ள நிக்கணும்."

எல்லாம் பந்துதானாம்.

அக்டோபர் 12, வியாழன்

பூட்ஸ் தைக்கக் கொடுக்க வேண்டும். (எதற்கு?) சவர பிளேடு. வீட்டுக்குக் கடிதம்: எழுதவில்லை.

முதல் பயிற்சி. பந்து வந்தது, கட்டைக்கு முன்னால் கால் போய்விட்டது. விசில். மறுபடி. விசில். பதினொரு முறை எண்ணினேன், பிறகு விட்டுவிட்டேன்.

எங்கள் கோல்கீப்பர் சவரிமுத்து அண்ணாச்சிக்குக் கவலையில்லை. ஹாக்கியிலும் அவர் கோல்கீப்பர். அவர் மட்டும் உதைக்கலாம்.

"ஏலே, காலைக் கழத்தி எங்கிட்ட குடுத்துட்டுப் போ. நான் பாத்துக்கிடுதேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும். நான் சிரித்ததைத்தான் மன்னிக்க முடியவில்லை.

அக்டோபர் 15, ஞாயிறு

இரவெல்லாம் மழை. கரிசல் குழைந்து கிடந்தது. ஒவ்வொரு பூட்ஸிலும் ஒரு படி மண்.

முதல் மேட்ச். கடைசி நிமிடம் வரை கோல் இல்லை. எதிரணி கீப்பர் வழுக்கி விழுந்தான். பந்து சேற்றில், என் முன்னால், அசையாமல்.

கோட்டுக்கு வெளியே மாஸ்டர்: "கட்டை! கட்டைவே!"

நேரம் இருந்தது. விதி தெரியும். கட்டையும் கையில்தான்.

இடது காலால் அடித்தேன். கோல் வலையின் மூலைக்குப் போனது.

விசில். கூட்டம் முழுக்கச் சிரிப்பு. ஒருத்தன்: "படிச்ச மாடு!"

அக்டோபர் 16, திங்கள்

வெயில். நாளை முதல் கார்டிங். பலகையில் என் பெயர், பி.ஏ. இல்லாமல்.

சவரிமுத்து அண்ணாச்சி வாசலில் நிறுத்தினார். "மறந்துட்டியாலே? வேணும்னே அடிச்சியா?"

"வேணும்னே."

அவர் சிரிக்கவில்லை.

பெருவிரல் நகம் கறுத்துவிட்டது. செருப்பு நுழையவில்லை.

கோல்தான் அது.